நாடாவா, ஹெட்டா, கடிகாரமா?

அனலாக் நாடா கெடும்போது சொல்லிவிட்டுக் கெடும். முதலில் ஜால்ராவின் கூர்மை மங்கும். பிறகு இரைச்சல் ஏறும், சுருதி லேசாக ஆடும். காது பழகிய பொறியாளர் நாலைந்து மாதம் முன்பே "ஹெட் தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிடுவார். டிஜிட்டல் நாடாவிடம் இந்த நாகரிகம் கிடையாது. நேற்று மாலை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பதிவு, இன்று காலை டப் டப்பென்று வெடிக்கும். இரண்டு விநாடி மௌனமாகும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பாடும். ஒலி நன்றாக இருக்கிறது என்பதை வைத்து இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இந்த வகை ரெக்கார்டர்களில் பழுது தேடுகிறவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஏன் அப்படி என்று பார்க்க, ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தைத் திறந்து பார்ப்போம்.

1982-இல் சோனி நிறுவனம் 24 தடங்கள் கொண்ட டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்தது. பிசிஎம்-3324 என்று பெயர். அரை அங்குல நாடா பெரிய சக்கரங்களில் விநாடிக்கு 76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். பெரிய ஸ்டுடியோக்கள் தவிர வேறு யாரும் அதை நினைத்துப் பார்க்க முடியாது. 1991 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகர்களின் கண்காட்சியில் கீத் பார் நிறுவிய அலெசிஸ் நிறுவனம் ஏடாட் என்ற எட்டுத் தட ரெக்கார்டரை அறிவித்தது. மறு ஆண்டு கடைக்கு வந்தபோது விலை 3,995 டாலர். இதற்கென்று தனி நாடாவும் தேவையில்லை, அன்று வீடியோ கடையில் விற்ற எஸ்-விஹெச்எஸ் கேசட்டே போதும். எட்டுத் தடம் போதாதென்றால் இன்னொன்றை வாங்கி ஒரு கேபிளால் கோத்துக்கொள்ளலாம். இப்படிப் பதினாறு இயந்திரங்கள், 128 தடங்கள் வரை போகலாம். அலனிஸ் மோரிசெட்டின் 1995-ஆம் ஆண்டு ஆல்பமான 'ஜாக்டு லிட்டில் பில்' கிளென் பல்லார்டின் வீட்டு ஸ்டுடியோவில் ஏடாட் நாடாக்களில் பதிவானது. ஒலிப்பதிவு என்பது பெரிய கட்டடங்களை விட்டு வீட்டு அறைக்கு வந்ததில் இந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. 1993-இல் டாஸ்கம் நிறுவனத்தின் டிஏ-88 வந்தது. அது ஹை-8 கேம்கோடர் கேசட்டைப் பயன்படுத்தியது. திரைப்பட ஒலிச் சேர்ப்பில் நிறையப் புழங்கியது. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒலியலையை அளந்து எடுக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரி. விநாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட், எட்டுத் தடங்கள். பெருக்கினால் விநாடிக்கு 61 லட்சத்து 44 ஆயிரம் பிட். இரண்டு மணி நேரப் படம் கொள்ளும் கேசட், ஏடாட்டில் மூன்று மடங்கு வேகத்தில் ஓடி 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த 40 நிமிடத்தில் ஒலி மட்டும் 184 கோடி பைட். பிழைதிருத்தத்துக்காகச் சேர்க்கும் உபரி எண்கள் தனி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இவ்வளவு தரவைச் சில டாலர் பெறும் ஒரு பொருளில் அடைக்க, காந்த நாடாவை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

எண்பதுகளில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தவர்களுக்கு இந்த இயந்திரத்தின் உள்பாகம் புதிதல்ல. கேசட்டை விழுங்கியதும் இரண்டு கம்பங்கள் நாடாவை வெளியே இழுத்து, சாய்ந்து நிற்கும் ஒரு பளபளப்பான உருளையின் மேல் சுற்றும். அதுதான் டிரம். வீட்டு வீடியோவில் அதன் விட்டம் 62 மில்லிமீட்டர். இந்தியா பின்பற்றிய பால் (PAL) தொலைக்காட்சி முறையில் நிமிடத்துக்கு 1,500 சுற்று, அமெரிக்க முறையில் 1,800. அதன் விளிம்பில், நாடாவில் எழுதவும் படிக்கவும் செய்யும் ஹெட்கள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துருத்திக்கொண்டிருக்கும். நாடா மெதுவாக நகர, ஹெட் அதன் மேல் வேகமாகச் சாய்வாகக் கடக்கும்போது ஒவ்வொரு கடப்புக்கும் ஒரு சாய்கோடு விழும். வீட்டு வீடியோவில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் பதினைந்துக்கும் மேற்பட்ட கோடுகள் நெருங்கி நிற்கும். நாடா மெதுவாகப் போனாலும் ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையிலான வேகம் விநாடிக்குப் பல மீட்டர். இந்தத் தந்திரத்தால்தான் சோனியின் பெரிய சக்கரங்கள் இல்லாமல் காரியம் நடந்தது. அதே தந்திரம்தான் பழுதுகளின் ஊற்றும்கூட. அவ்வளவு மெல்லிய கோட்டின் மேல் அவ்வளவு வேகமாகப் போகும் ஹெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவே ஒரு தூசி புகுந்தாலே நூற்றுக்கணக்கான பிட்டுகள் தொலைந்துபோகும்.

தொலைந்தும் பாட்டு எப்படிக் கேட்கிறது? அதற்குக் காரணம் 1960-இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் எழுதிய ஒரு சிறிய கட்டுரை. தரவோடு சில உபரி எண்களைக் கணக்கிட்டுச் சேர்த்துவைத்தால், பிறகு சில எண்கள் அழிந்தாலும் எஞ்சியவற்றைக்கொண்டு அழிந்தவற்றைத் துல்லியமாக மீட்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். குறுந்தகடு முதல் விண்கலங்கள் வரை இந்தக் கணிதக் குடும்பம் பரவியிருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு: ஒரு தொகுதியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிழை இருந்தால் கணக்கு தோற்றுவிடும். நாடாவில் பிழை தனித்தனியாக வருவதில்லை, கும்பலாக வரும்; ஒரு தூசி ஒரே இடத்தில் நூறு எண்களை விழுங்கும். அதனால் எண்களைப் பதியும்போதே வரிசை மாற்றிக் கலைத்துப் பதிவார்கள். ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். செய்யுளைப் பாட்டுக்கு ஓர் ஏடாக எழுதிவைத்த சுவடியில் ஓர் ஏட்டைச் செல்லரித்தால் ஒரு பாட்டு முழுதாகப் போய்விடும். அதையே முதல் எழுத்தை முதல் ஏட்டிலும் இரண்டாம் எழுத்தை அடுத்த ஏட்டிலுமாகப் பிரித்து எழுதியிருந்தால், ஓர் ஏடு போனாலும் ஒவ்வொரு பாட்டிலும் ஓரிரு எழுத்துதான் போகும். தமிழ் தெரிந்தவர் நிரப்பிக்கொள்வார். நாடாவில் அந்த நிரப்பும் வேலையை ரீட்-சாலமன் செய்கிறது.

கணக்குத் தோற்றாலும் இயந்திரம் உடனே கைவிடுவதில்லை. காணாமல்போன மாதிரிக்கு முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளைப் பார்த்து நடுவே ஒன்றை ஊகித்துப் போடும். இது மீட்பு ஆகாது, ஒட்டுப்போடுதல். பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. ஒட்டும் போட முடியாத அளவுக்குச் சேதம் என்றால்தான் வாயை மூடிக்கொள்ளும். ஆக, கேட்பவருக்கு எட்டும் டப் சத்தம் நோயின் தொடக்கம் அல்ல. அதற்கு முன் பல வாரங்களாகவோ மாதங்களாகவோ திருத்தமும் ஒட்டும் நடந்துகொண்டே இருந்திருக்கும். இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் பிழை எல்லை மீறும்போது கண்சிமிட்டும் ஒரு புள்ளியோ எழுத்தோ முகப்பில் இருக்கும். ஸ்டுடியோக்காரர்களில் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை, பாட்டுதான் நன்றாகக் கேட்கிறதே! பழுது தேடுகிறவர் காதைவிட அந்தப் புள்ளியை நம்ப வேண்டும்.

தேடலை நாடாவிலிருந்தோ ஹெட்டிலிருந்தோ தொடங்க வேண்டியதில்லை. ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம்: கோளாறு எல்லாத் தடங்களிலுமா, ஒன்றில் மட்டுமா?

குரல் பதிவான ஐந்தாம் தடம் மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை ஊமை என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் உடனே ஹெட்டைத் துடைக்கக் கிளம்புவோம். வீண் வேலை. ஏடாட்டில் ஐந்தாம் தடத்துக்கென்று தனி ஹெட் கிடையாது. எட்டுத் தடங்களின் எண்களும் அதே ஹெட்கள் வழியாகத்தான் வருகின்றன. ஏழு பாட, ஒன்று மட்டும் ஊமை என்றால் சந்தேகம் ஹெட்டைக் கடந்து போக வேண்டும்: எண்ணை மின்னழுத்தமாக்கும் சில்லு, அதன் பின்னுள்ள பெருக்கி, முதுகுப்புறத்து இணைப்பான், கேபிள், மிக்சர். ஏடாட்டின் முதுகில் 56 ஊசி கொண்ட ஒரு பெரிய இணைப்பான் இருக்கிறது. அதில் ஓர் ஊசி தளர்ந்தாலே ஒரு தடம் போய்விடும். ஏடாட் தரும் ஒரு நல்ல வசதி, எட்டுத் தடங்களையும் எண்களாகவே வெளியே அனுப்பும் ஒளியிழை. அந்த இழையில் ஐந்தாம் தடம் உயிரோடு இருந்தால் நாடா, ஹெட், பிழைதிருத்தம் மூன்றும் நிரபராதிகள். பாதி இயந்திரத்தை ஒரே சோதனையில் ஒதுக்கிவிடலாம். சோனியின் நிலைத்த ஹெட் கொண்ட பெரிய இயந்திரங்களில் இந்தத் தர்க்கம் செல்லாது. அங்கே ஒவ்வொரு தடத்துக்கும் நாடாவில் சொந்த இடம் உண்டு, அந்த இடத்து ஹெட் இடைவெளியில் அழுக்கு சேர்ந்தால் அந்தத் தடம் மட்டுமே கெடும். இயந்திரத்தின் அமைப்பு தெரியாமல் பழுது தேடக்கூடாது என்பதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதே தர்க்கத்தில், தொடர்ந்து 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்டால் அல்லது உஸ்ஸென்ற இரைச்சல் ஏறினால் நாடாவைத் தொடவே வேண்டாம். எண்கள் அழிந்தால் வெடிப்பும் மௌனமும் வரும், உறுமல் வராது. மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பதிவின்போதே உள்ளே போயிருக்க வேண்டும், அல்லது எண்கள் மின்னழுத்தமான பிறகு நுழைந்திருக்க வேண்டும். எர்த்தைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: வெடிப்பு நாடாவில் ஒரே இடத்தில் வருகிறதா, ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறுகிறதா? பின்னால் ஓட்டி மறுபடி போட்டால் தெரிந்துவிடும். 12-ஆம் நிமிடம் 7-ஆம் விநாடியில் தவறாமல் வந்தால் நாடாவில் அந்த இடத்தில் கசங்கலோ உதிர்ந்த பூச்சோ இருக்கிறது. இடம் மாறி மாறி வந்தால் இயந்திரத்தில் கோளாறு. இதில் ஒரு பொறி உண்டு. ஒரே இடத்தில் வெடிக்கிறது, ஆனால் பிழைப்புள்ளி சிமிட்டவே இல்லை என்றால்? அப்போது அந்த வெடிப்பு பழுதே அல்ல. நடுவில் வெட்டி மறுபதிவு செய்த இடத்தின் ஒட்டுச் சத்தமாகவோ, பாடகர் மைக்கில் முட்டியதாகவோ இருக்கும். இயந்திரம் தனக்குக் கொடுத்ததை விசுவாசமாகத் திருப்பித் தருகிறது.

மூன்றாவது வகை வெடிப்புக்கு நாடாவோடும் ஹெட்டோடும் சம்பந்தமே இல்லை. கடிகாரம் பார்த்ததுபோல் சீராக வரும், எந்த நாடாவைப் போட்டாலும் வரும், ஒளியிழை வழியே கேட்கும்போது மட்டும் வரும். டிஜிட்டல் கருவி ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. ரெக்கார்டர் விநாடிக்கு 48,000 மாதிரி அனுப்புகிறது. வாங்கும் கணினியின் சொந்தக் கடிகாரம் 48,001 கேட்கிறது என்று வையுங்கள். விநாடிக்கு ஒரு மாதிரி குறையும், ஒரு டப் கேட்கும். வித்தியாசம் லட்சத்தில் இரண்டு பங்குதான், படிகங்களுக்கு அது சகஜம். தீர்வு சுலபமானது: ஒரே ஒருவர் தாளம் போட வேண்டும். நாடா ஓடும்போது நாடா இயந்திரம் தலைமை ஏற்க, கணினி அதன் துடிப்பைப் பின்தொடரும்படி அமைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஹெட்டை மாற்றச் சொல்லிப் பணம் செலவழித்தவர்கள் உண்டு. இதன் உறவுக்காரக் கோளாறு ஒன்று: 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48-இல் ஓட்டினால் பாட்டு வேகமெடுத்து, பன்னிரண்டு சுரத்தானங்களில் ஏறக்குறைய ஒன்றரை இடம் மேலே போகும். சுருதி மாறினால் முதலில் பார்க்க வேண்டியது இந்த அமைப்பைத்தான்.

எல்லாத் தடங்களிலும் சரமாரியான வெடிப்பு, புள்ளி அணையாமல் எரிகிறது, எந்த நாடாவும் விதிவிலக்கில்லை என்ற நிலை வந்தால்தான் ஹெட்டுக்குப் போக வேண்டும். ஹெட்கள் மாறி மாறிக் கோடு படிப்பவை. ஒன்றின் இடைவெளியில் நாடாப்பூச்சு அப்பிக்கொண்டால் அது படிக்க வேண்டிய கோடெல்லாம் வெற்றிடம். எந்தக் கணிதமும் அதை நிரப்பாது. வீடியோவில் படம் முழுக்கப் பனி கொட்டியதே, அதன் ஒலி வடிவம் இது. துடைப்பதில்தான் பல இயந்திரங்கள் செத்திருக்கின்றன. ஹெட் நுனி உடையக்கூடிய ஃபெரைட். பஞ்சுக் குச்சி கூடாது, அதன் இழை நுனியில் மாட்டி இழுக்கும். இழை விடாத மெல்லிய தோல்துண்டைச் சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, அதை டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்து, மறுகையால் டிரம்மை மெல்லச் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாக ஒரு முறை தேய்த்தால் போதும், புது டிரம் தேடி அலைய வேண்டியதுதான். துடைத்தபின் ஈரம் முழுதும் உலர விட்டுத்தான் கேசட்டைப் போட வேண்டும்.

பிழை அலை அலையாக வந்து போனால், அல்லது கோத்த இயந்திரங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல் தவித்தால், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையைப் பாருங்கள். முப்பது வருட ரப்பர் கெட்டித்துப் பளபளக்கும், நாடா வழுக்கும். வேகத்தைச் சரிசெய்ய இயந்திரம் முன்னும் பின்னுமாகத் துழாவும். ஏடாட் நாடாவை முதலில் ஒழுங்குபடுத்தி நேரக்குறி பதிந்தாக வேண்டும். அதைப் பதிவோடு பதிவாக விட்டுவிட்டுச் செய்தவர்களின் நாடாக்களில் குறி அறுந்த இடங்கள் இருக்கும். அங்கே வந்தால் நல்ல இயந்திரமும் தடுமாறும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த புதிர் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு ஸ்டுடியோவில் பதிந்த நாடா அங்கே குறையில்லாமல் ஓடுகிறது; வேறெங்கு போட்டாலும் சிதறுகிறது. எல்லோரும் நாடாவைக் குறை சொல்வார்கள். உண்மையில் அந்த முதல் இயந்திரத்தில் நாடாவை வழிநடத்தும் கம்பங்களின் உயரம் இம்மியளவு பிசகியிருக்கிறது. அது கோணலாக எழுதி, அதே கோணலோடு படிக்கிறது. ஆஸிலோஸ்கோப்பில் ஹெட்டின் சமிக்ஞையைப் பார்த்தால் புரியும்: சரியான பாதையில் அது ஒரு சீரான செவ்வகப் பட்டையாகத் தெரியும், பிசகியதில் ஒரு முனை மெலிந்து கூம்பும். இப்போது அக்கறையான மெக்கானிக் ஒருவர் வந்து தொழிற்சாலை அளவுக்குக் கம்பங்களைச் சரிசெய்கிறார். இயந்திரம் குணமாகிவிட்டது. அதில் பல வருடங்களாகப் பதிந்த நாடாக்கள் அத்தனையும் அன்றோடு அநாதை. பழைய பதிவுகளை மீட்பவர்கள் இதனால் தலைகீழாக வேலை செய்கிறார்கள்: நாடாவைத் திருத்த முடியாது, எனவே நல்ல இயந்திரம் ஒன்றின் கம்பங்களை நாடாவின் கோணலுக்கு ஏற்ப வேண்டுமென்றே திருகி, பட்டை செவ்வகமாகும் வரை கொண்டுவந்து, பதிவை எடுத்த பிறகு மறுபடி நேராக்குகிறார்கள். பழுது என்று நாம் நினைப்பது சில வேளைகளில் திறவுகோலாக இருக்கிறது.

நாடாவே கெட்டிருந்தால் செய்யக்கூடியது குறைவு. காந்தத் துகள்களை நாடாவில் பிடித்துவைத்திருக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துச் சிதைகிறது. நாடா பிசுபிசுத்து ஹெட்டை உடனுக்குடன் அடைக்கிறது. துடைத்த இரண்டு நிமிடத்தில் மறுபடி அடைத்தால் நிறுத்திவிடுங்கள், ஓட்ட ஓட்டப் பூச்சு உரியும். கேசட்டின் சன்னல் வழியே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் உள்ளேயே விடக்கூடாது. அது டிரம்மில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் பரவும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்த இயந்திரத்தை உடனே ஓட்டுவதும் ஆபத்து: டிரம்மில் பனித்துளி படியும், நாடா அதில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும்.

அலெசிஸ் 2001-இல் திவாலாகிக் கைமாறியது. இந்த இயந்திரங்களின் உற்பத்தி நின்று நீண்ட காலமாகிறது. டிரம்கள் பழைய இயந்திரங்களைப் பிரித்துத்தான் கிடைக்கின்றன. தொண்ணூறுகளில் வந்த பலகைகளில் ஒட்டிய மின்தேக்கிகள் கசிந்து செப்புக் கோடுகளை அரிக்கின்றன. உங்களிடமோ தெரிந்தவரிடமோ இத்தகைய நாடாக்கள் இருந்தால், அவற்றைப் பதிந்த அதே இயந்திரத்தைத் தேடிப் பிடியுங்கள். அதை யாரையும் 'சரிசெய்ய' விடாதீர்கள். முக்கியமில்லாத பதிவுள்ள ஒரு நாடாவைப் போட்டு முதலில் சோதியுங்கள். பிறகு ஒளியிழையைக் கணினியில் செருகி, கடிகாரத் தலைமையை நாடா இயந்திரத்துக்குக் கொடுத்து, அசல் நாடா முதல் முறை ஓடும்போதே எட்டுத் தடங்களையும் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாவது முறை அது ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.